பகிர்ந்தெழுதலும் இரட்டைப் பிரதியும்: கணிப்பொறி வட்டுகளை இணைத்தமைக்கும் முறை

மத்திய சர்க்காரின் தேசிய தகவலியல் மையம் 1976-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. டில்லியில் சாஸ்திரி பார்க்கிலும், புனே, ஐதராபாத், புவனேசுவரம் ஆகிய நகரங்களிலும் அதன் தேசியத் தரவு மையங்கள் இயங்கிவருகின்றன. அங்கே அடுக்கடுக்காக நிற்கும் பெரிய சர்வர்களாயினும், ஒரு வட்டார அலுவலகத்தின் மேசையடியில் இருக்கும் சிறு கணிப்பொறியாயினும், இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. எழுதப்படும் யாவும் முடிவில் ஒரு ஹார்டு டிஸ்கிலோ, அதன் இடத்தைப் பெரிதும் பிடித்துவரும் எஸ்.எஸ்.டி.யிலோ சென்று தங்கவேண்டும். அச்சாதனம் என்றேனும் ஒருநாள் பழுதாகியே தீரும்.

ஹார்டு டிஸ்க் என்பது நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டுகளைக் கொண்டது. அத்தட்டுகளைத் தொடாமல், ஆனால் தொடுவதற்கு மிக அண்மையில், எழுதும் முனை மிதந்து செல்கிறது. இத்துணை நுட்பமான யந்திரம் ஆண்டுக்கணக்கில் ஓடுவதே வியப்புக்குரியது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகம் இல்லை. எனினும் அதற்கும் ஆயுள் உண்டு. இனி வரும் பகுதிகளில் இவ்விரு சாதனங்களையும் வட்டு என்ற பொதுப்பெயராலேயே குறிப்போம்.

பல வட்டுகளை ஒன்றாக இணைத்து ஒரே வட்டுபோல் தோன்றச் செய்வதற்கு இரண்டு அடிப்படை வழிகள் உள்ளன. ஒன்று, ஸ்ட்ரைப்பிங் எனப்படும் பகிர்ந்தெழுதும் முறை. மற்றொன்று, மிரரிங் எனப்படும் இரட்டைப் பிரதி முறை. இரண்டையும் சேர்த்து அமைப்பதும் உண்டு. ஒவ்வொன்றும் எதைத் தருகிறது, எதைத் தருவதில்லை என்பதைத் தெளிவாக அறியாமல் அமைப்பவர், காப்பு இல்லாத இடத்தில் காப்பு இருப்பதாக நம்பிவிடுகிறார்.

பகிர்ந்தெழுதுதல்

ஓர் அலுவலகத்தில் 400 பக்கப் பதிவேடு ஒன்றைப் படியெடுக்க வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். ஒரே எழுத்தர் எழுதினால் நான்கு நாள் ஆகும். நான்கு எழுத்தர்களை அமர்த்தி, முதலாமவர் 1, 5, 9 ஆகிய பக்கங்களையும், இரண்டாமவர் 2, 6, 10 ஆகிய பக்கங்களையும், இவ்வாறே மற்றவர்களும் எழுதினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். பகிர்ந்தெழுதும் முறை இதுவே. கணிப்பொறியில் பக்கத்துக்குப் பதிலாகச் சங்க் எனப்படும் துண்டு இருக்கிறது. லினக்ஸில் அதன் வழக்கமான அளவு 512 கிலோபைட். முதல் துண்டு முதல் வட்டுக்கும், அடுத்தது அடுத்த வட்டுக்கும் செல்கிறது. பெரிய கோப்புகளைப் படிப்பதிலும் எழுதுவதிலும் வேகம் ஏறத்தாழ வட்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப உயர்கிறது.

ஆயின் நான்கு எழுத்தர்களில் ஒருவருடைய கட்டு தொலைந்துபோனால் என்ன ஆகும்? நான்கில் ஒரு பங்கு மட்டும் போயிற்று என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. ஒவ்வொரு நான்காவது பக்கமும் இல்லாத பதிவேடு பதிவேடே ஆகாது. வட்டிலும் அப்படியே. ஒரு வட்டு போனால் முழுத்தொகுதியும் போய்விடும்.

இதனைக் கணக்கிட்டும் பார்க்கலாம். ஒரு வட்டு ஓராண்டில் பழுதாகும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு என்று உதாரணத்துக்காகக் கொள்வோம். நான்கு வட்டுகளில் பகிர்ந்தெழுதினால், ஓராண்டில் எல்லாவற்றையும் இழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 7.8 ஆகிறது. எட்டு வட்டுகளாயின் அது 15-ஐ நெருங்குகிறது.

இக்கணக்கு புதியதன்று. அமெரிக்காவில் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவரும் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் இதையே எடுத்துக்காட்டினர். அக்காலத்தில் பெரிய கணிப்பொறிகளின் வட்டுகள் மிக விலையுயர்ந்தவை. சிறு கணிப்பொறிகளுக்கான வட்டுகள் மலிவானவை. மலிவான பல வட்டுகளைச் சேர்த்துப் பெரிய வட்டுக்கு ஈடாக்கலாம் என்பது அவர்கள் கருத்து. சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் வட்டுகள் நூற்றைச் சேர்த்தால், 300 மணி நேரத்துக்கு ஒருமுறை, அதாவது இரண்டு வாரத்துக்குள்ளாகவே, ஏதேனும் ஒன்று பழுதாகும் என்று கணக்கிட்ட அவர்கள், ஆகவே மிகைப் பிரதி இன்றியமையாதது என்ற முடிவுக்கு வந்தனர். ரெய்டு என்ற பெயர் அக்கட்டுரையிலிருந்து வந்ததே. அவர்கள் வகுத்த படிகள் 1 முதல் 5 வரை மட்டுமே. மிகைப் பிரதி சிறிதும் இல்லாத வெறும் பகிர்வுக்குப் பூஜ்யம் என்ற எண் பின்னால் வழங்கலாயிற்று. அது பொருத்தமான எண்ணே.

இரட்டைப் பிரதி

அலுவலகங்களில் கார்பன் தாள் வைத்து எழுதும் வழக்கம் மூத்த ஊழியர்கள் நன்கு அறிந்தது. ஒருமுறை எழுதினால் இரு பிரதிகள் கிடைக்கும். ஒன்று கிழிந்தால் மற்றொன்று உதவும். மிரரிங் முறையில் ஒவ்வோர் எழுத்தும் இரு வட்டுகளில் ஒரே சமயத்தில் பதிகிறது. ஒரு வட்டு பழுதானால் மற்றொன்றைக்கொண்டு வேலை தடையின்றி நடக்கும். படிக்கும்போது இரு வட்டுகளும் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதால் ஓரளவு வேகமும் கூடும். இதற்கு விலை, கொள்ளளவில் பாதி. 4 டெராபைட் வட்டுகள் இரண்டு வாங்கினால் பயனுக்குக் கிடைப்பது 4 டெராபைட்தான்.

கார்பன் தாளின் இன்னொரு குணமும் இங்கே நினைவில் இருத்தத்தக்கது. மேல்தாளில் எழுத்தர் தொகையைத் தவறாக எழுதினால், அடித்தாளிலும் அதே தவறு அழுத்தமாகப் பதியும்.

எதை முதலில் செய்வது?

வேகமும் பாதுகாப்பும் ஒருங்கே வேண்டுவோர் இரு முறைகளையும் சேர்த்து அமைப்பர். இதற்குக் குறைந்தது நான்கு வட்டுகள் வேண்டும் என்பது பொதுவிதி. எந்த வரிசையில் சேர்ப்பது என்பதை அற்பமான வினாவாகப் பலர் எண்ணுகின்றனர், அது அற்பமன்று.

நான்கு வட்டுகளை அ, ஆ, இ, ஈ என்று அழைப்போம். முதல் வழியில் அ-வும் ஆ-வும் இரட்டைப் பிரதிகள். இ-யும் ஈ-யும் இரட்டைப் பிரதிகள். இவ்விரு சோடிகளின்மீது பகிர்வு அமைகிறது. இரண்டாம் வழியில் அ-வும் ஆ-வும் ஒரு பகிர்வுத் தொகுதி. இ-யும் ஈ-யும் மற்றொரு பகிர்வுத் தொகுதி. அத்தொகுதிகள் ஒன்றுக்கொன்று பிரதி. கொள்ளளவும் விலையும் இரண்டிலும் ஒன்றே.

இப்போது அ பழுதாகிறது. முதல் வழியில் எஞ்சிய மூன்றில் ஆ ஒன்று போனால்தான் தரவு அழியும். இ அல்லது ஈ போனால் அழியாது. ஆகவே இரண்டாவது பழுது நாசம் விளைவிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. இரண்டாம் வழியில், அ போனவுடனேயே அது சேர்ந்திருந்த தொகுதி முழுவதும் செயலற்றுவிடுகிறது; ஆ நல்ல நிலையில் இருந்தும் பயனில்லை. இனி இ, ஈ ஆகிய இரண்டில் எது போனாலும் எல்லாம் போயிற்று. வாய்ப்பு மூன்றில் இரண்டு. எட்டு வட்டுகளாயின் வேறுபாடு இன்னும் பெரிது: முதல் வழியில் ஏழில் ஒன்று, இரண்டாம் வழியில் ஏழில் நான்கு. ஒரு பைசாகூட மிகையாகச் செலவிடாமல், வரிசையை மாற்றுவதால் மட்டும் கிடைக்கும் பயன் இது. ஆகவே முதலில் பிரதி, அதன்மேல் பகிர்வு என்பதே கொள்ளத்தக்கது. இவ்வமைப்பை ரெய்டு 10 என்பர். பத்து என்பது ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்தது.

லினக்ஸில் அமைக்கும் விதம்

யூனிக்ஸ் வழிவந்த முறைமைகள் பலவற்றில் இதற்கான ஏற்பாடு முறைமைக்குள்ளேயே இருக்கிறது. தனிக் கருவி வாங்கவேண்டியதில்லை. ஃப்ரீ பி.எஸ்.டி.யில் ஜி-மிரர், ஜி-ஸ்ட்ரைப் என்னும் இரு கட்டளைகள் உள்ளன. அங்கே முன்னதைக்கொண்டு சோடிகளை அமைத்துப் பின்னதைக்கொண்டு அவற்றை இணைக்கவேண்டும். வரிசையைக் கவனிக்கும் பொறுப்பு அமைப்பவருடையது. லினக்ஸில் எம், டி, ஏ, டி, எம் என்னும் ஐந்து எழுத்துகளாலான ஒரே கட்டளை, ரெய்டு 10-ஐ ஒரே படியில் அமைத்துவிடும். சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டதாதலால், இங்கே கூறுபவை அதற்கும் பொருந்தும்.

முதல் வேலை வட்டுகளை அடையாளம் காண்பது. லினக்ஸ் அவற்றுக்கு எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி., எஸ்.டி.சி. என்று பெயரிடுகிறது. இப்பெயர்கள் நிலையானவை அல்ல. ஒரு கேபிளை மாற்றினாலும், சில வேளைகளில் வெறுமனே மீண்டும் இயக்கினாலும், நேற்று எஸ்.டி.பி.யாக இருந்தது இன்று எஸ்.டி.சி. ஆகலாம். ஆகவே ஒவ்வொரு வட்டின் சீரியல் எண்ணையும் குறித்துக்கொண்டு, அதனை ஒரு சிறு சீட்டில் எழுதி வட்டின் வெளியே தெரியும் பக்கத்தில் ஒட்டிவிடவேண்டும். இச்சீட்டு இல்லாத குறையால், பழுதான வட்டு என்று எண்ணி நல்ல வட்டைக் கழற்றிவிடுவது நடக்கக்கூடியதே.

இரண்டாவது, சோடிகளைத் தேர்ந்தெடுத்தல். கட்டளையில் வட்டுகளை எந்த வரிசையில் எழுதுகிறோமோ அவ்வரிசையிலேயே அடுத்தடுத்துள்ள இரண்டும், வழக்கமான அமைப்பில், சோடியாகின்றன. ஆகவே ஒரு சோடியின் இரு வட்டுகளும் ஒரே மின் இணைப்பிலோ ஒரே கன்ட்ரோலரிலோ அமையாதவாறு வரிசைப்படுத்தவேண்டும். ஒரே நாளில் ஒரே பெட்டியிலிருந்து வாங்கிய வட்டுகளைச் சோடியாக்குவதும் நன்றன்று. ஒரே தொழிற்சாலைக் குறையுடன் பிறந்தவை ஏறத்தாழ ஒரே காலத்தில் பழுதாகக்கூடும்.

மூன்றாவது, ஒவ்வொரு வட்டிலும் முழு அளவையும் எடுக்காமல் கடைசியில் சிறிது இடம் விட்டுப் பகுதி பிரிப்பது. 4 டெராபைட் என்று விற்கப்படும் இரு கம்பெனி வட்டுகள் சிறிதளவு வேறுபடலாம். மாற்றாக வாங்கிய வட்டு ஒரு மெகாபைட் குறைந்தாலும் தொகுதி அதனை ஏற்காது.

தொகுதியை உருவாக்கியபின் இரு பிரதிகளும் ஒன்றுக்கொன்று இசைவதற்குச் சில மணி நேரம் ஆகும். அதற்குள்ளாகவே கோப்பு முறைமையை அமைத்துப் பயன்படுத்தத் தொடங்கலாம். ஒன்றை மட்டும் மறத்தலாகாது. தொகுதியின் விவரத்தை அதற்குரிய அமைப்புக் கோப்பில் பதிவுசெய்து, கணிப்பொறி தொடங்கும்போது முதலில் ஏற்றப்படும் இனிட்-ராம் கோப்பையும் புதுப்பிக்கவேண்டும். இதனைச் செய்யாவிடின், எம்.டி. 0 என்று அமைத்த தொகுதி மறுநாள் காலையில் எம்.டி. 127 என்ற பெயருடன் எழுந்து நிற்கும். அதனை நம்பியிருந்த வேலைகள் நின்றுபோகும். தரவு அழிந்துவிட்டது என்று அஞ்சி, அச்சத்தில் மீண்டும் தொகுதியை உருவாக்க முற்பட்டால், அப்போதுதான் உண்மையாகவே அழியும்.

மின்சாரம் நின்றால்

2012-ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று அதிகாலையில் வட இந்திய மின்தொகுப்பு முழுவதும் செயலிழந்தது. டில்லி இருளில் ஆழ்ந்தது. மறுநாள் வட, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் வீழ்ந்தன. அத்தகைய பெருந்தடை அபூர்வம். ஆனால் சில வினாடி மின்தடை எந்த ஊரிலும் உண்டு. ஒரு பிரதியில் எழுதி முடித்து மற்றதில் எழுதுமுன் மின்சாரம் நின்றால், இரு பிரதிகளும் மாறுபட்டு நிற்கும். எது சரியென்று லினக்ஸுக்குத் தெரியாது. அது ஒன்றை மற்றதன்மேல் படியெடுத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இதற்காக முழு வட்டையும் ஒப்பிடும் தொல்லையைத் தவிர்ப்பதற்கு, பிட்மேப் என்னும் குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. எந்தப் பகுதியில் எழுத்து நடந்துகொண்டிருந்தது என்று அதில் குறிக்கப்படுவதால், மின்சாரம் வந்தபின் அப்பகுதியை மட்டும் சரிசெய்தால் போதும். இக்குறிப்பேட்டை இயக்கிவைப்பதும், யு.பி.எஸ். ஒன்றை இணைப்பதும் பெருஞ்செலவன்று. ஜெட்.எஃப்.எஸ். போன்ற சில கோப்பு முறைமைகள் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், மாறுபட்ட இரு பிரதிகளில் எது சரியென்று அவற்றால் கூறவும் இயலும்.

ஒரு கால் இழந்தபின்

இரட்டைப் பிரதி முறையின் பெரிய ஆபத்து அதன் நற்குணத்திலேயே இருக்கிறது. ஒரு வட்டு பழுதானாலும் வேலை நிற்பதில்லை. ஆகையால் ஒருவரும் கவனிப்பதில்லை. சோடியில் ஒன்று இறந்து பல மாதம் சென்றபின் மற்றொன்றும் இறக்கும்போதுதான் செய்தி தெரியவரும். எம்.டி. ஸ்டாட் என்னும் கோப்பைத் திறந்து பார்த்தால் நலமான நான்கு வட்டுகளுக்கு நான்கு 'யு' எழுத்துகள் தோன்றும். இறந்த வட்டின் இடத்தில் ஓர் அடிக்கோடு மட்டும் இருக்கும். வாரம் ஒருமுறை இதனைப் பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். பழுது நேர்ந்தவுடன் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல் செல்லும் வசதியும் உண்டு. அந்த முகவரி மாறுதலாகிப்போன ஊழியருடையதாக இருந்துவிடக் கூடாது.

புது வட்டைச் சேர்த்தால், எஞ்சிய பிரதியிலிருந்து தரவு அதற்குப் படியெடுக்கப்படும். வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட் வட்டு நிரம்புவதற்கு ஏழரை மணி நேரம் பிடிக்கும். அலுவலக வேலையும் உடன் நடந்தால் இன்னும் கூடுதலாகும். அந்நேரம் முழுவதும் எஞ்சிய ஒரே பிரதி ஓயாமல் படிக்கப்படுகிறது. நெடுநாள் தொடாத பகுதியில் படிக்க இயலாத இடம் இருந்தால் அது அப்போதுதான் வெளிப்படும். இதற்காகவே டெபியன் வழி முறைமைகளில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை தொகுதி முழுவதையும் படித்துச் சோதிக்கும் வழக்கம் வைக்கப்பட்டிருக்கிறது. வார இறுதியில் கணிப்பொறியை அணைத்துவிடும் அலுவலகங்கள், இச்சோதனைக்கு வேறு நாள் குறிக்கவேண்டும்.

வட்டு கெடாமல் தரவு கெடுதல்

எய்ம்ஸ் என்று யாவரும் அறிந்த டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறிகள்மீது 2022-ஆம் ஆண்டு நவம்பர் 23 அன்று தாக்குதல் நடந்தது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன என்றும், ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பிறர் படிக்க இயலாதவாறு பூட்டப்பட்டது என்றும் சர்க்கார் பின்னர் பார்லிமெண்டில் தெரிவித்தது. புறநோயாளர் பதிவு, ஆய்வுக்கூட முடிவுகள், அனுமதி, விடுவிப்பு ஆகியவை கையெழுத்தில் நடந்தன. முக்கியமான பணிகள் மீண்டும் கணிப்பொறிக்குத் திரும்ப இரண்டு வாரம் பிடித்தது.

இத்தகைய தாக்குதலில் வட்டுக்கு ஒரு குறையும் நேர்வதில்லை. தட்டு சுழல்கிறது, முனை எழுதுகிறது, நான்கு 'யு' எழுத்துகளும் அப்படியே இருக்கும். பூட்டப்பட்ட தரவை இரு பிரதிகளிலும் ஒரே கணத்தில் ஒழுங்காகப் பதிவது இரட்டைப் பிரதி முறையின் கடமை. அது அக்கடமையைச் செய்யும். மேல்தாளின் பிழை அடித்தாளில் பதிவதுபோலவே இதுவும். ஒரு கோப்பைக் கைதவறி அழிப்பதும், தவறான நிரல் அட்டவணையைச் சிதைப்பதும், வெள்ளமோ தீயோ அறையைச் சூழ்வதும், திருடன் பெட்டியோடு தூக்கிச்செல்வதும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

எய்ம்ஸில் இ-ஹாஸ்பிடல் தரவு மீண்டு வந்தது. தாக்குதலுக்கு உட்படாத தனியொரு காப்புச் சர்வரிலிருந்து தரவு எடுக்கப்பட்டுப் புதிய சர்வர்களில் ஏற்றப்பட்டது. அச்சர்வர் கணத்துக்குக் கணம் மூலத்தோடு ஒட்டி எழுதப்படும் மற்றொரு பிரதியாக மட்டும் இருந்திருந்தால் இவ்வுதவி கிட்டியிராது. தனித்து நிற்பதும், முந்தைய நிலையைக் காத்து வைத்திருப்பதும் காப்புப் பிரதியின் இலக்கணம். சிறு அலுவலகத்துக்குப் பெரிய சர்வர் வேண்டியதில்லை. வெளியே செருகும் வட்டுகள் இரண்டை வாங்கி, வாரம் மாற்றி வாரம் படியெடுத்து, படியெடுத்தவுடன் கழற்றி, ஒன்றையேனும் வேறு கட்டடத்தில் பூட்டி வைத்தால் போதுமானது. செருகியபடியே விட்டுவைத்த வட்டு காப்பாகாது. தாக்குதல் அதனையும் தொடும்.

வகுப்பறையில் காட்டும் சோதனை

மேலே கூறியவற்றைப் பள்ளிக் கணிப்பொறிக் கூடத்தில் ஒரே பாடவேளையில் காட்டலாம். புது வட்டு எதுவும் வேண்டாம். லினக்ஸ் உள்ள கணிப்பொறியில் 200 மெகாபைட் அளவுள்ள நான்கு வெற்றுக் கோப்புகளை உருவாக்கி, லூப் டிவைஸ் என்னும் வசதியால் அவற்றை நான்கு வட்டுகளாகத் தோன்றச் செய்யவேண்டும். மெய்யான வட்டின் பெயரைத் தவறுதலாக எழுதிவிடாமல், கட்டளையை அனுப்புமுன் ஆசிரியர் ஒருமுறை உரக்கப் படிப்பது நலம்.

நான்கையும் ரெய்டு 10 தொகுதியாக்கி, கோப்பு முறைமை அமைத்து, ஒரு படத்தை அதில் சேமிக்கவேண்டும். அப்படத்தின் சரிபார்ப்பு எண்ணைக் கணித்துக் கரும்பலகையில் எழுதவேண்டும். அதே படத்தைப் பென்டிரைவ் ஒன்றிலும் படியெடுத்து, அதனைக் கழற்றி ஒரு மாணவர் கையில் கொடுத்துவிடவேண்டும். பின்னர் முதல் வட்டைப் பழுதானதாக அறிவிக்கும் கட்டளையைக் கொடுத்தால், ஒரு 'யு' எழுத்து அடிக்கோடாக மாறும், படம் திறக்கும், சரிபார்ப்பு எண் மாறாது. மூன்றாம் வட்டையும் அவ்வாறே நீக்கலாம். அப்போதும் படம் இருக்கும். சோடிகள் எவை என்று மாணவர்களையே கண்டறியச் செய்வது இவ்விடத்தில் பொருத்தமானது. நீக்கிய இரண்டையும் மீண்டும் சேர்த்தால், பிரதி நிரம்பிவருவதை நூற்று வீதத்தில் திரையில் காணலாம்.

நான்கு 'யு' எழுத்துகளும் திரும்பியபின், படத்தைச் சாதாரணமாக அழிக்கும் கட்டளையால் அழித்துவிட்டு, அது எந்தப் பிரதியில் எஞ்சியிருக்கிறது என்று கேட்கவேண்டும். மாணவர்கள் சிறிது நேரம் தேடட்டும். அதன்பின் பென்டிரைவைச் செருகிப் படத்தைத் திரும்பக் கொணர்ந்து, அதன் சரிபார்ப்பு எண்ணைக் கரும்பலகையில் உள்ளதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யலாம்.